ஏறாத விலை

"மெட்டில்டா டீச்சருக்குப் பாளையங்கோட்டையில கல்யாணம் முடிஞ்சுதாமே. மாப்பிள்ளைக்கு ரெண்டாவது கல்யாணமாம்."

லாசரஸ் சொல்லிக்கொண்டே சிப்பாயை நகர்த்தினான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் தாம்பரம் ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் அவனுக்கும் ஜெபசீலனுக்கும் செஸ்.

ஜெபசீலன் பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும்."

"உனக்காகக் கொஞ்சம் காத்திருந்திருக்கலாம்."

"இன்னும் ஆறு மாசம். அவ்வளவுதான் கேட்டேன்."

ரயில்வே குமாஸ்தா ஜெபசீலன் காசு விஷயத்திலும் செஸ் ஆடுகிறவன்தான். ஒரு ரூபாய் எடுப்பதென்றாலும் நாலு நகர்த்தல் தள்ளி யோசித்துத்தான் எடுப்பான். முதலில் இரண்டு தங்கைகளின் கல்யாணம். பிறகு சேலையூரில் ஒரு கிரவுண்டு மனை. அதற்கப்புறம்தான் தன் கல்யாணம்.

அறுபத்தாறாம் வருஷம் மெட்டில்டாவை அழைத்துப்போய் அந்த மனையைக் காட்டினான். வெறும் பொட்டல். "சமையல்கட்டு எந்தப் பக்கம் வரும்?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் அப்புறம். கடன் வாங்காம மனை வாங்கணும். வரிசை மாறினா ஆட்டமே போயிடும்."

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. ஐந்து வருஷம் ஓடிவிட்டது. சின்னத் தங்கையின் கல்யாணம் இந்தத் தை மாதம்தான் முடிந்தது.

"விடுப்பா. பொம்பளைங்களுக்கு எல்லாத்துலயும் அவசரம்" என்றான் லாசரஸ். "மனை என்னாச்சு?"

"நாளைக்குப் பணம் கட்டறேன். மூவாயிரம். அஞ்சு வருஷமா ஒரு ரூபா ஏறலை. அன்னிக்கு அவசரப்பட்டிருந்தா இன்னும் வட்டி கட்டிக்கிட்டு இருப்பேன்."

சொன்னானே தவிர, குரலில் சந்தோஷமில்லை.

மறுநாள் தாம்பரத்தில் ரயிலை விட்டு இறங்கியதும் பழக்கதோஷத்தில் பெண்கள் பெட்டிப் பக்கம் திரும்பினான். குடையும் பள்ளிக்கூட நோட்டுக்கட்டுமாக மெட்டில்டா இறங்கி வருகிற இடம். எல்லாரும் இறங்கிப் போன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான்.

சேலையூரில் மனைக்காரர் தேவானந்தம் வீட்டிலிருந்தார்.

"மூவாயிரம் இருக்குங்க ஐயா. எண்ணிப் பாத்துக்குங்க."

அவர் நிதானமாக எண்ணினார். "சரியா இருக்கு. இந்த வாரமே ரிஜிஸ்டர் பண்ணிடலாம்."

"நீங்க விலையை ஏத்தாததாலதான் என்னால வாங்க முடிஞ்சுது ஐயா."

தேவானந்தம் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஏறாம இருக்குமா தம்பி? பக்கத்து மனை நாலாயிரத்துக்குப் போச்சு. இதையும் கேட்டு ஆள் வந்துக்கிட்டேதான் இருந்தாங்க."

"பின்னே?"

"உங்க மனைக்கு ஆயிரம் முன்னாலயே வந்துடுச்சே. டீச்சரம்மா வருஷா வருஷம் இருநூறு ரூபா கொண்டாந்து கட்டிடுவாங்க. 'அவர் வர்றவரைக்கும் யாருக்கும் கொடுத்துடாதீங்க, அவர்கிட்டயும் சொல்லிடாதீங்க'ன்னு சொல்லுவாங்க. இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது?"

ஜெபசீலன் பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

"கடைசியா எப்ப ஐயா வந்தாங்க?"

"போன மாசம்தான். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தாங்க. அந்தக் கவருக்குள்ளேயே கடைசி இருநூறையும் வச்சிருந்தாங்க."