கூரை கேஸ்

"கையெழுத்துப் போட்டுட்டேன் சார். எனக்குக் கேஸே வேணாம்."

கிளெட்டஸ் காகிதத்தை மேஜை மேல் வைத்தான்.

சிறையின் தலைமை அதிகாரியான வார்டன் பிராடக் அறைக்குள்ளேயே தொப்பி போட்டு உட்கார்ந்திருந்தார். வெளியே கிளம்பப் போகிறார் போல. நல்ல வேளை, ஆள் போவதற்குள் பிடித்துவிட்டோம் என்று கிளெட்டஸுக்கு நிம்மதி.

விஷயம் இதுதான். ஒஹாயோ ஆற்றங்கரையில் இருக்கும் அந்தச் சிறையில் மழை வந்தால் கட்டிலில் குடை பிடித்துத் தூங்காத குறை. கைதிக்கும் உரிமை உண்டு என்று ஃபெடரல் கோர்ட்டுக்குத் தன் கையாலேயே மனு எழுதி, வார்டன் மேல் கேஸ் போட்டுவிட்டான் கிளெட்டஸ். யாரோ ஒரு புண்ணியவான், நூலகத்தில் அவன் படிக்கிற சட்டப் புத்தகத்துக்குள் இன்ஜினியர் ரிப்போர்ட்டை வேறு செருகி வைத்திருந்தான். 'கூரை உளுத்துவிட்டது, உடனே மாற்றவும்.' கேஸ் ஜம்மென்று நிமிர்ந்து நின்றது.

அப்புறம்தான் அவனைப் பரோலில் விடுதலை செய்யலாமா என்ற விசாரணைக்குத் தேதி வந்தது.

"வார்டன் மேலயே கேஸ் போட்டுட்டு, அவர்கிட்டயே நல்லவன்னு சர்டிபிகேட் கேப்பியா? உருப்பட்ட மாதிரிதான்!" என்று கூட இருக்கும் வென்டல் கிண்டலடித்தான்.

கிளெட்டஸ் அன்றைக்கே வாபஸ் மனு எழுதிவிட்டான். பதினோரு வருஷம் கழித்து மகள் வீட்டில் கிறிஸ்துமஸ் வான்கோழி சாப்பிடலாம் என்று நாக்கைத் தீட்டி வைத்திருந்தான். அதைவிடவா கூரை பெரிசு?

பிராடக் படித்து முடித்தார். முகம் கறுத்துப் போயிற்று.

"இதைக் கோர்ட்டுக்கு அனுப்பிட்டியா?"

"இல்ல சார். முதல்ல உங்க கண்ணுல காட்டலாம்னு..."

"அரசாங்க வக்கீல் இன்னும் பதில் போடல. அதுக்குள்ள இது போய்ச் சேர்ந்தா ஜட்ஜு ஒரு கேள்வி கேக்க மாட்டாரு, கேஸ் அங்கயே காலி. தெரியுமில்ல?"

"தெரியும் சார். அதான் ஓடி வந்தேன்," என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

வார்டன் காகிதத்தை நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

கிளெட்டஸுக்குப் பாதி உயிர் போய்விட்டது. "சார்! அப்ப என் பரோல்?"

"கேஸை ஒழுங்கா நடத்து, தங்கமான பையன்னு எழுதறேன். வாபஸ் கீபஸ்னு வந்தே, தொலைச்சுப்புடுவேன்!"

"என்ன சார் இது? கேஸே உங்க மேலதானே?"

"மேலிடத்துக்குப் பன்னிரண்டு வருஷமா எழுதி எழுதி என் கைதான் ஓஞ்சுது. கோர்ட்டு குட்டினாத்தான் அவனுங்க எழுந்திருப்பானுங்க."

பிராடக் அண்ணாந்து பார்த்தார். தொப்பி மேல் பொட்டென்று ஒரு சொட்டு விழுந்தது.

"அந்த ரிப்போர்ட்டை உன் புத்தகத்துல செருகினதே நான்தான்யா!"