கனவு வேகம்

விமர்சகரின் கண்ணோரம் நீர் துளிர்த்தது. அதைப் பார்த்ததும் பாடகி மெல்லத் தம்பியின் பக்கம் நகர்ந்தாள்.

இசைத்தட்டுக் கடையின் மாடியறையில் அவர்களுடைய முதல் தட்டு வெளியீடு. நான்கே பாட்டு, கேட்பவரைக் கனவில் மிதக்கவிடும் 'டிரீம் பாப்'. பாடுவது அக்கா, கிதார் தம்பி, டிரம்ஸ் அக்காவின் கணவன்.

மூன்று வருட உழைப்பு முந்நூறு தட்டுகளாகக் கட்டிலுக்கடியில் கிடந்தது. இந்த மனிதர் பத்திரிகையில் நாலு வரி நல்லதாக எழுதினால் அவை வெளியே வரும். இல்லாவிட்டால் கட்டில் காலுக்கு முட்டுக்கொடுக்கத்தான் ஆகும்.

"கவனிச்சியாடா?" என்று தம்பியின் காதைக் கடித்தாள்.

"கவனிக்காம என்ன? தட்டு நிமிஷத்துக்கு நாப்பத்தஞ்சு சுத்து சுத்தணும், முப்பத்திமூணுதான் சுத்துது. உன் குரல் சளி பிடிச்ச பெரியப்பா மாதிரி இருக்குக்கா."

பாட்டெல்லாம் தேனில் விழுந்த எறும்பாக ஊர்ந்துகொண்டிருந்தது. தட்டைப் போட்ட கடைக்காரரா இப்படிச் செய்வார்? ஊசியைத் துடைக்காமல் ஒரு தட்டும் போடமாட்டார். முதல் பிரதியைக் காலையிலேயே ஆசையாகக் கேட்டு வாங்கிக்கொண்டவர்.

பக்கம் திருப்பும்போதாவது கண்டுபிடிப்பார் என்று பார்த்தால், அதே வேகத்தில் ஊசியை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"போய்ச் சொல்லிடட்டுமா?"

"வாயைத் திறக்காதே," என்று கணவன் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தான். "அந்தாளு அழுதுக்கிட்டு இருக்காரு, கெடுத்துடாதே."

ஒருவழியாகக் கடைசிப் பாட்டு முடிந்தது. விமர்சகர் மூக்கைச் சிந்தினார்.

"பத்து வருஷமாச்சு நான் இப்படிக் கரைஞ்சு. கிணத்துக்குள்ள இருந்து கூப்பிடுற மாதிரி ஒரு ஆம்பளைக் குரல்! யாருப்பா பாடினது?"

மூவரும் விழித்தார்கள். தம்பிதான் முதலில் சுதாரித்தான். "எங்க மச்சான் சார்!" என்று அவனை முன்னே தள்ளினான்.

"ஒரே ஒரு வரி பாடுங்களேன்."

குளியலறையில்கூடப் பாடியறியாத மச்சான் கழுத்தைப் பிடித்துக்கொண்டான். "தொண்டை... கட்டியிருக்கு... சார்," என்றான், அடிவயிற்றிலிருந்து, சொல் சொல்லாக இழுத்து.

"அடடா, பேச்சே பாட்டா இருக்கே!" விமர்சகர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஞாயித்துக்கிழமை அரைப் பக்கம் எழுதறேன்." சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அக்கா கணவனை முறைத்தாள். "பாடினது நான், பேரு உங்களுக்கா?"

"நான் என்னடி பண்றது? உன் தம்பிதானே தள்ளிவிட்டான்!"

தம்பி நகத்தைக் கடித்தான். "அதை விடுக்கா. வாங்கிட்டுப் போறவங்க சரியான வேகத்துல போட்டா என்ன ஆகும்?"

அவளுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. கடைக்காரரிடம் போய்த் தயங்கித் தயங்கி நின்றாள்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க தெரியாம வேகத்தை மாத்திப் போட்டுட்டீங்க. நாங்களும் சொல்லாம விட்டுட்டோம்."

கடைக்காரர் தட்டை ஒரு தூசியில்லாமல் துடைத்து உறைக்குள் நுழைத்தார்.

"தெரியாமலா? காலையில சரியான வேகத்துலதாம்மா போட்டுக் கேட்டேன். கனவு வரலை, நாய் துரத்துற வேகம்தான் வந்துச்சு!"