ஒற்றைப் பை

வெட்டி முடித்த பிறகுதான் பார்த்தாள்.

எல்லாம் இரண்டிரண்டாக இருந்தன.

முன்பக்கம் இரண்டு. பின்பக்கம் இரண்டு. அடித்துண்டும் இரண்டு.

அவள் தைக்க நினைத்தது ஒரே ஒரு கைப்பை.

அளவு அட்டையைத் தோல்மீது வைத்துக் கோடு போட்டு வெட்டியிருக்கிறாள். பிறகு அட்டையைத் திருப்பிப் போட்டு மறுபடியும் வெட்டியிருக்கிறாள். இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. பதினெட்டு வருஷம் வீட்டில் உட்கார்ந்து கம்பெனிக்கு ஷூ தைத்துக் கொடுத்த கை. அதற்கு வேறென்ன தெரியும்?

கர்த்தரே, பைக்கு ஏது இடது வலது!

தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். அப்புறம் முழுத்தோலும் போச்சே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

இந்தத் தெருவில் எல்லோருக்கும் இதே கைதான். ஷூவை ஒற்றையாகக் கொண்டுபோனால் கம்பெனியில் வாங்க மாட்டார்கள். ஒற்றையை நீட்டுகிறவளைப் பார்த்துத் தெருவே சிரிக்கும்.

கூடுதல் துண்டுகளைப் பாய் ஓரமாகத் தள்ளிவிட்டுத் தைக்க உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் பை வேண்டும்.

ஞாயிறு எதிர்வீட்டில் நிச்சயதார்த்தம். எதிர்வீடு என்றால் வேறு யாரும் இல்லை. சொந்த அக்கா, சலோமி. அவள் பெண்ணுக்கு நிச்சயம். பத்திரிகையை ஜன்னல் வழியாக உள்ளே போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். கூப்பிட்ட மாதிரியும் ஆச்சு, பேசாத மாதிரியும் ஆச்சு. அந்தச் சாமர்த்தியம் யாருக்கு வரும்?

பேச்சு நின்று எட்டு மாதம்.

அதுவரை இந்தப் பாயில்தான் இருவரும் எதிரெதிராக உட்கார்ந்து தைத்தார்கள். இடது ஷூ எல்லாம் அக்காவுக்கு. வலது எல்லாம் இவளுக்கு. ஒருநாள் சரக்கு எடுக்க வந்தவரிடம், நாலு பேருக்கு நடுவில், அக்கா சொன்னாள், இவள் தைத்ததைப் பார்த்து வாங்குங்கள், கோணிக்கொள்ளும் என்று.

தைக்கிறவளிடம் சொல்கிற வார்த்தையா அது!

அதற்குப் பிறகு இரண்டு கால் ஷூவையும் இவளே தைத்தாள். ஒன்றிரண்டு கோணத்தான் செய்தன. அதை யாரிடமும் சொல்லவில்லை.

இந்தப் பை கோணாது. நிச்சயத்தன்று தோளில் மாட்டிக்கொண்டு அக்கா முன்னால் போய் நிற்பாள். ஒரு வார்த்தை பேசப் போவதில்லை. அக்கா தையலைப் பார்க்கட்டும். பார்த்து வயிறெரியட்டும்.

ஒரு நூல். இரண்டு முனையிலும் ஊசி. ஒரே துளையில் இந்தப் பக்கத்திலிருந்து ஒன்று, அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று. இழுத்தால் நூல் விர்ரென்று இறுகும். அந்தச் சத்தம் அவளுக்குப் பிடிக்கும்.

மூன்று நாள்.

வெள்ளிக்கிழமை மதியம் கடைசி முடிச்சு விழுந்தது.

பையைத் தூக்கிப் பிடித்தாள். ஐயோ, என்ன அழகு!

சீப்பைப் போட்டாள். கைக்குட்டையைப் போட்டாள். சர்ச் பாட்டுப் புத்தகத்தைப் போட்டாள். தோளில் மாட்டிக்கொண்டு அடுப்படி வரைக்கும் போய்த் திரும்பினாள். சுவர்க் கண்ணாடியில் தோள் மட்டும்தான் தெரிந்தது. முக்காலியில் ஏறி நின்று பையையும் பார்த்துக்கொண்டாள். ஒரு தையல், ஒரே ஒரு தையல்கூட வரிசை பிசகவில்லை.

யாரிடமாவது காட்ட வேண்டும்.

வீட்டுக்காரர் வந்தால், நல்லா இருக்கு என்பார். சாம்பாருக்கும் அதைத்தான் சொல்வார்.

பக்கத்து வீட்டுக்காரி வார் நீளமா என்று பார்ப்பாள்.

இந்தத் தையல் எவ்வளவு நேர் என்று பார்க்கத் தெரிந்தவள் ஒருத்திதான். அவள் எதிர்வீட்டில் இருக்கிறாள்.

முக்காலியிலிருந்து இறங்கினாள்.

அப்படியே நின்றாள்.

சீப்பையும் கைக்குட்டையையும் பாட்டுப் புத்தகத்தையும் வெளியே எடுத்து வைத்தாள். தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். குறுக்கே போய், எதிர்வீட்டுத் தாழ்ப்பாளில் பையை மாட்டி, கதவைத் தட்டிவிட்டு ஓடி வந்தாள். நாற்பத்து மூன்று வயசு. புடவையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டம்.

தன் கதவைச் சாத்தி அதன்மேல் சாய்ந்துகொண்டாள்.

எதிர்க்கதவு திறந்தது.

ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்தாள். அக்கா பையைத் திருப்பினாள். கவிழ்த்தாள். கட்டைவிரல் நகத்தால் தையலைத் தொட்டுக்கொண்டே மேலிருந்து கீழே வந்தாள். மூலையில் நின்றாள். மறுபடி மேலே போனாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

கோணலைக் கண்டுபிடித்துவிட்டாளா? தூக்கித் தெருவில் எறிந்துவிடுவாளோ?

அக்கா உள்ளே போய்விட்டாள்.

அவ்வளவுதான் என்று இவள் பாயில் வந்து உட்கார்ந்தாள். அழுகை வரும்போல இருந்தது.

கதவு தடதடவென்று இடிபட்டது.

அக்காதான். மூக்குக் கண்ணாடி போட்டிருந்தாள். தோளில் பை தொங்கியது. கோபத்தில் நிற்கிறவள் மாதிரியே நின்றாள்.

"இன்னாடி பியூலா, ஒத்தைய மாட்டிட்டு ஓடியாந்துட்ட? ஜோடி எங்க?"

இவள் பாய் ஓரத்தைக் காட்டினாள். அங்கே வெட்டிய துண்டுகள் அப்படியே கிடந்தன.

அக்கா அவற்றைப் பார்த்தாள். எண்ணினாள். உதடு துடித்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

துண்டுகளை எடுத்துக்கொண்டு பாயில் தன் பழைய இடத்தில் உட்கார்ந்தாள். கையை நீட்டினாள்.

இவள் நூலை அளந்து வெட்டினாள். இரண்டு முனையிலும் ஊசி கோத்தாள். ஒன்றை அக்காவிடம் கொடுத்தாள். ஒன்றைத் தான் வைத்துக்கொண்டாள்.

தோளில் மாட்டிய பையைக் கழற்றாமலே அக்கா முதல் தையலை இழுத்தாள்.