மடிக்கயிறு

கட்டினானா, இல்லையா?

திரும்பத் திரும்ப யோசித்தான். நினைவில் வரவில்லை.

வலை இறங்கி அரை மணி நேரம் ஆகிவிட்டது. முப்பது பாகம், அதாவது நூற்றெண்பது அடி ஆழத்தில், கப்பலுக்குப் பின்னால், தரையை உரசிக்கொண்டு வருகிறது. கண்ணுக்குத் தெரிவது இரண்டு இரும்பு வடங்கள் மட்டும்தான்.

வலையின் கடைசியில் மடி. உள்ளே நுழைகிற மீன் எல்லாம் அங்கேதான் வந்து சேரும். மடியின் அடிப்பக்கம் திறப்பு. வலை இறக்கும்போதெல்லாம் அதைக் கயிற்றால் சுருக்கி முடிச்சுப் போட வேண்டும். போடாவிட்டால் ஒரு பக்கம் நுழைந்த மீன் மறுபக்கம் போய்விடும். மூன்று மணி நேரம் கரியை எரித்து, கடலைச் சும்மா சலித்துவிட்டு வர வேண்டியதுதான்.

இங்கிலாந்திலிருந்து தூத்துக்குடிக்கு வந்த நீராவிக் கப்பல் அது. அதில் முடிச்சுப் போடுவது கேப்டனுக்கு அடுத்தவனான ‘மேட்’ செய்கிற வேலை. வேறு யாரும் தொடக் கூடாது. கட்டியவன்தான் அவிழ்க்க வேண்டும். அவர்கள் ஊர் வழக்கம் அப்படி.

மேட் டிக்சனின் வலது கை போன வாரம் வடம் சுற்றும் விஞ்சில் சிக்கி, மூன்று விரல்கள் நசுங்கிவிட்டன. கேப்டன் இவனைக் கூப்பிட்டு மடியைக் காட்டினார். சனிக்கிழமை வரை பார்ப்பேன் என்றார். உன் முடிச்சு நின்றால் இந்த இடம் உனக்கு. டிக்சன் கொழும்பில் இறங்கிக்கொள்வான்.

டிக்சனை வைத்துக்கொண்டே சொன்னார்.

இன்று சனிக்கிழமை.

காலையில் கயிற்றை மடியில் கோத்தது வரை நினைவிருக்கிறது. அப்போதுதான் மேலேயிருந்து கேப்டன் கத்தினார். முன்பக்கத்து வடம் கொக்கியில் மாட்டிக்கொண்டது. ஓடினான். அதை விடுவித்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் மடி தண்ணீருக்குள் போயிருந்தது.

இறக்கச் சொன்னது டிக்சன்.

திறந்து கிடந்த மடியைப் பார்த்தும் சொல்லியிருப்பானோ?

ஏன் சொல்லமாட்டான். தன் சோற்றில் மண் போட வந்தவனுக்கு எவன் நல்லது செய்வான்? இவனாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான்.

டிக்சன் கயிற்றுக் குவியல்மேல் உட்கார்ந்து பைப் புகைத்துக்கொண்டிருந்தான். துணி சுற்றிய கை தொடைமேல் கிடந்தது. இவன் பக்கம் திரும்பவே இல்லை.

கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடும் கயத்தான் காற்று வாங்க மேலே வந்தான். இவன் மனைவியின் தம்பி. கண்ணும் பல்லும் தவிர உடம்பெல்லாம் கரி.

“என்ன மச்சான், மூஞ்சி செத்துப்போயி கெடக்கு?”

“முடிச்சு போட்டேனா இல்லியான்னே தெரியலடா.”

கயத்தான் முகம் துடைப்பதை நிறுத்தினான்.

“வாய மூடிக்கிட்டு இரு. தொரைகிட்ட சொல்லித் தொலைச்சிராத. நீ நின்னாத்தான் நம்ம ஆளுவளுக்கு மேத்தளத்துல வேல. இல்லன்னா சாவுற வரைக்கும் நாங்க கரிதான் அள்ளணும்.”

இப்போது சொன்னால் அரை மணி நேரம்தான் வீண். வலையைத் தூக்கிப் பார்த்துவிடலாம். ஆனால் கட்டினேனா என்றே தெரியவில்லை என்று வந்து நிற்பவனை எந்தக் கேப்டன் வைத்துக்கொள்வார்?

சொல்லவில்லை.

மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டான். சிறிது நேரம் கழித்து மூன்று. இரண்டாவது மணி நேரம் முடியும்போது அது பன்னிரண்டு ஆகியிருந்தது.

பதினொரு மணிக்கு விஞ்சு இரைந்தது. வடங்கள் தண்ணீர் சொட்டிக்கொண்டு ஏறின. தூக்குக்கயிற்றைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றான்.

பறவைகளுக்குத்தான் முதலில் தெரிந்தது. கூச்சலிட்டுக்கொண்டு இறங்கின. பிறகு கப்பலுக்குப் பின்னால் தண்ணீர் வெளுத்தது. மடி உப்பிக்கொண்டு மேலே வந்தது.

மீன். மடி கொள்ளாத மீன்.

இவன் அழுதேவிட்டான். உப்புத் தண்ணீர் முகத்தில் அடிக்கிற இடத்தில் அதை யார் கவனிக்கப்போகிறார்கள்.

மடியைத் தூக்கித் தளத்துக்கு மேலே தொங்கவிட்டார்கள். கட்டியவன் அவிழ்க்க வேண்டும். குனிந்து அதன் அடியில் போய்க் கயிற்றைப் பிடித்தான்.

அது அவன் முடிச்சு இல்லை.

அவன் சுற்று வலப்பக்கம் போகும். இது இடப்பக்கம் போயிருந்தது. இடக்கையால் சுற்றி, நுனியைப் பல்லால் கடித்து இறுக்கியிருக்கிறார்கள். கடித்த இடம் நார்நாராகப் பிரிந்து கிடந்தது.

இடக்கை மட்டுமே உதவுகிற நிலையில் அந்தக் கப்பலில் இருந்தது ஒருவன்தான்.

இழுத்தான். விளமீனும் திருக்கையும் முழங்கால் வரை கொட்டின.

மேலேயிருந்து கேப்டன் குரல் கொடுத்தார்.

“இவன் முடிச்சு எப்படி, டிக்சன்?”

டிக்சன் வாயிலிருந்து பைப்பை எடுத்தான்.

“நன்றாகப் பிடிக்கிறது, சார். இனி நான் தேவையில்லை.”

“சரி. அப்படியானால் கொழும்பில்.”

“கொழும்பில், சார்.”

அந்த அளவுக்கு ஆங்கிலம் இவனுக்குப் புரியும். இல்லை என்று சொல்கிற அளவுக்கும் தெரியும்.

டிக்சனின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கொதிகலன் அறை வாசலில் கயத்தான் எல்லாப் பற்களும் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றான்.

இவன் கயிற்றை எடுத்தான். மடியைச் சுருக்கிக் கட்டினான். இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான்.

“இறக்கு” என்றான்.