லேப்டாப்பில் இன்னொன்று

"அவருக்கு மட்டும் தெரியவே கூடாது தம்பி. தெரிஞ்சா மனுஷர் இடிஞ்சு போயிடுவாரு."

புது லேப்டாப்பை மேஜையில் வைத்த கையோடு அந்தக் கணக்கு டீச்சர் சொன்ன முதல் வார்த்தை இதுதான். கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"யாருக்கு மேடம்?"

"என் வீட்டுக்காரருக்கு. அவரோட லேப்டாப்தான் இது. வாங்கி மூணு வாரம் ஆகுது. இதுல ரெண்டாவதா ஒரு சிஸ்டம் போட்டுத் தரணும். ஆனா அவர் திறந்தா எப்பவும் வர்றதுதான் வரணும். உள்ள இன்னொண்ணு இருக்குன்னு அவருக்குத் துளி சந்தேகம் வரக் கூடாது."

"போடலாம். ஆன் பண்ணதும் எந்த சிஸ்டம் வேணும்னு கேக்குற மெனு வரும். அதை மறைச்சுடலாம். நீங்க ஒரு பட்டனை அமுக்கினாத்தான் ரெண்டாவது வரும்."

"அப்படித்தான் வேணும். ஆபீஸ்லேருந்து அஞ்சு மணிக்கு வந்துடுவாரு. அதுக்குள்ள இது அவர் மேஜைக்குப் போயிடணும்."

சுவர்க் கடிகாரம் மூன்றைக் காட்டியது. ரிப்பேர்க்காரர் மளமளவென்று வேலையில் இறங்கினார்.

"ரெண்டாவதுல என்னென்ன வேணும் மேடம்? வீடியோ, படம் வரையறது..."

"படம் கிடம் ஒண்ணும் வேணாம். கலர் எப்படி இருந்தாலும் பரவாயில்ல. மவுஸைத் தொடாமலே எல்லா வேலையும் நடக்கணும். சத்தம் மட்டும் கணீர்னு இருக்கணும்."

ரிப்பேர்க்காரர் தலையைச் சொறிந்தார். பதினெட்டு வருஷத்தில் எத்தனையோ பேரைப் பார்த்தவர். புருஷன் லேப்டாப்பில் என்ன ஒளித்து வைத்திருக்கிறான் என்று தோண்டிப் பார்க்கச் சொன்னவர்கள் உண்டு. புருஷனுக்குத் தெரியாமல் உள்ளே ஒன்றை ஒளித்து வைக்கச் சொன்னது இந்த அம்மாள்தான் முதல். அதுவும் படம் வேண்டாம், கலர் வேண்டாம், மவுஸ் வேண்டாம். பிறகு என்ன எழவுக்கு லேப்டாப்?

"தப்பா நினைக்காதீங்க மேடம். இது எதுக்குன்னு..."

"முதல்ல போட்டு முடிங்க, சொல்றேன். இப்ப வாயைத் திறந்தா அழுதுடுவேன்."

அதற்கு மேல் கேட்க அவருக்கு என்ன பைத்தியமா? பாஸ்வேர்டை வாங்கினார். அவர்கள் கல்யாணத் தேதி. லேப்டாப் திறந்தது. புது சிஸ்டத்துக்கு இடம் ஒதுக்கலாம் என்று உள்ளே பார்த்தவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"மேடம், வேற யார்கிட்டயாவது குடுத்து ஏற்கெனவே போட்டுட்டீங்களா?"

"எதை?"

"இதுல ரெண்டு சிஸ்டம் இருக்கே! மெனுவையும் மறைச்சு வச்சிருக்கு. நீங்க கேட்டதை அப்படியே யாரோ செஞ்சு முடிச்சிருக்காங்க."

டீச்சருக்கு முகம் மாறிவிட்டது. "வாங்கின இடத்துலயே போட்டுக் குடுத்திருப்பாங்களோ?"

"இல்ல. தேதியைப் பாருங்க. போட்டுப் பதினாலு நாள்தான் ஆகுது."

"பதினாலு நாளா?" டீச்சர் விரல் விட்டு எண்ணினார். "அன்னையிலேருந்துதான் அவர் ரூம் கதவைச் சாத்திக்க ஆரம்பிச்சாரு! லீவு நாள்ல பட்டப்பகல்ல ஜன்னல் திரையை இழுத்து விட்டுட்டு உள்ள உக்காந்துக்குவாரு. கேட்டா ஆபீஸ் வேலைங்குறாரு. பதிப்பகத்துல பிழை திருத்துறவருக்கு இருட்டுல அப்படி என்ன வேலை? இருபத்திரண்டு வருஷத்துல என்கிட்ட ஒண்ணை மறைச்சதில்ல தம்பி இந்த மனுஷர்!"

'நீங்களும் மறைக்கத்தானே வந்திருக்கீங்க' என்று நாக்கு நுனி வரைக்கும் வந்ததை ரிப்பேர்க்காரர் விழுங்கிக்கொண்டார்.

"திறங்க அதை."

"மேடம், அது அவரோட சொந்த..."

"திறங்கன்னா திறங்க!"

லேப்டாப்பை அணைத்துப் போட்டு, பட்டனை அமுக்கினார். பாஸ்வேர்ட் எதுவும் கேட்கவில்லை. திரை இருண்டது. இருண்டது இருண்டபடியே நின்றது.

"ஐயையோ, ஸ்கிரீன் போயிடுச்சா?"

"ஸ்கிரீன் நல்லாத்தான் இருக்கு மேடம். வெளிச்சத்தை வேணும்னே அணைச்சு வச்சிருக்காரு."

எதற்காக? பதினெட்டு வருஷ அனுபவம் கைகொடுக்கவில்லை. குத்துமதிப்பாக என்டரைத் தட்டினார்.

இருட்டுத் திரையிலிருந்து கணீரென்று ஒரு பெண் குரல் கிளம்பியது. "திரை வாசிப்பான் தயார். கடைசியாகத் திறந்த கோப்பு, பயிற்சி."

டீச்சர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இதேதான் தம்பி," என்றார். "கண்ணு தெரியாதவங்களுக்குப் படிச்சுக் காட்டுற சிஸ்டம். இதைத்தான் போடச் சொல்ல வந்தேன். இன்னும் ஆறு மாசத்துல அவருக்கு ரெண்டு கண்ணும் போயிடும்னு டாக்டர் சொன்னாரு. அவருக்கு இப்பத் தெரிய வேணாம்னு நான்தான் கெஞ்சிக் கேட்டுக்கிட்டேன். அந்த நாள் வரும்போது எல்லாம் தயாரா இருக்கட்டுமேன்னு..."

குரல் நிற்காமல் வாசித்துக்கொண்டிருந்தது.

"நாள் பதின்மூன்று. திரையைப் பார்க்காமல் இன்று இரண்டு பக்கம் தட்டினேன். மூன்றே பிழைகள். ஆறு மாதத்துக்குள் தேறிவிடுவேன். டாக்டரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன், என் மனைவிக்கு மட்டும் தெரியவே கூடாது. தெரிந்தால் இடிந்து போய்விடுவாள்."