கண்ணாடியில் விரல் அடையாளம்

"திரும்பவும் விரல் அடையாளம்!" என்றார் வீட்டு எசமானி சிஞ்ஞோரா.

பொலிதேயாமாப் பகுதியிலுள்ள அந்த வீட்டின் வரவேற்பறையில், மாதாவும் புனிதர்களும் வரையப்பட்ட முந்நூறு ஆண்டுப் பழைய ஓவியம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. மாதாவின் பாதத்தருகே கண்ணாடி அழுக்காகியிருந்தது.

"மன்னிக்கோணும் சிஞ்ஞோரா. தொட்டுக் கும்பிடுறது எங்கட பழக்கம்," என்றாள் வேலைக்காரி எமிலியானா.

சிஞ்ஞோராவின் கணவர், ஓய்வுபெற்ற பேராசிரியர், சக்கர நாற்காலியில் பத்திரிகைக்குப் பின்னாலிருந்து சிரித்தார். "அது வெறும் கடதாசியும் மையும், எமிலியானா. மேலே ஒருவரும் இல்லை. நான் அறுபது வருசமாகச் சொல்கிறேன்."

"இன்னொரு தரம் கண்டால் நீ வேறு வேலை தேடிக்கொள்," என்றார் சிஞ்ஞோரா.

மாலையில் தங்கள் வீட்டில் எமிலியானாவின் புருசன் றஞ்சித் சீறினான். "வேலை போனா இங்கை இருக்கிற பெர்மெசோ அனுமதியும் போயிடும். பிறகு ஊருக்குத்தான் போகோணும். எங்கட வீட்டிலையும் மாதா படம் இருக்குத்தானே? அங்கை ஏன் தொடுறாய்?"

"நான் தொடேல்லை."

"என்னப்பா கதைக்கிறாய்? அப்ப ஏன் ஓமெண்டு சொன்னனி?"

"இல்லையெண்டா, ஆர் தொட்டதெண்டு சிஞ்ஞோரா தேடுவா. ஒரு ஆளுக்கு வெக்கமாப் போயிடும்."

"ஆருக்கு?"

எமிலியானா அரிசி கழுவப் போய்விட்டாள்.

மறுநாள் காலை, சிஞ்ஞோரா எழும்புமுன்பே போய், புதிதாக விழுந்திருந்த விரல் அடையாளத்தை அவள் துடைத்தாள். பிறகு, படத்துக்கு முன்னாலிருந்த சின்ன மேசையை ஓரமாகத் தள்ளிவைத்தாள். பேராசிரியரின் சக்கர நாற்காலி அதில் இடிபடாமல் கிட்டப் போக வேண்டுமே!