சும்மா ஓடிய சர்வர்கள்

சர்வர் ரூம் கதவைத் திறந்த அப்ரின் அப்படியே நின்றுவிட்டாள்.

மெஷின் அடுக்கிய ராக்குக்குப் பின்னால், ஏசிக்கு நேர் கீழே, ஒரு பெண் சாக்கை விரித்துப் படுத்திருந்தாள். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை. நாற்பது வயதிருக்கும். கதவுச் சத்தத்தில் எழுந்தவள், துடைப்பத்தை எடுத்துக்கொண்டு குனிந்தபடியே வெளியே போனாள்.

"யாரு அவங்க?"

"இருளம்மா அக்கா. ஆபீஸ் கூட்டுறவுக மேடம்," என்றான் பால்பாண்டி. அந்தப் பட்டாசுக் கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன் அவன்தான்.

"கூட்டுறவங்களுக்கு சர்வர் ரூம்ல என்ன தூக்கம்?"

பால்பாண்டி சாக்கைச் சுருட்டி ராக்குக்குப் பின்னால் செருகினான்.

செலவைக் குறைத்துத் தரச் சொல்லித்தான் அப்ரினை மதுரையிலிருந்து வரவழைத்திருந்தார்கள். இருப்பது ஏழு சர்வர்கள். அவற்றைக் குளிர்விக்க இரவு பகலாக ஓடும் ஏசி. எல்லா வேலையையும் புது மெஷின் ஒன்றுக்குள் அடக்கிவிட்டு, அவசரத்துக்கு இன்னொன்றை வைத்துக்கொண்டால் போதும்.

"பில்லிங், ஸ்டாக், சம்பளம். மூணு சர்வர்லதான் வேலை நடக்குது. மத்த நாலும் எதுக்கு ஓடுது?"

"அதுல பழைய கணக்கு கெடக்கு மேடம். அத மட்டும் தொடாதீக."

மதியம் அந்த நாலையும் திறந்து பார்த்தாள். காலி. ஒரு கணக்கும் இல்லை.

"ஏன் பொய் சொன்னீங்க?"

"இந்தக் கோட மட்டும் கழியட்டும் மேடம். அப்புறம் நீங்க சொல்றபடி செஞ்சிருவோம்."

"அதான் ஏன்னு கேக்குறேன்."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மெஷின் குறைந்தால் தன் வேலையும் போய்விடும் என்று பயப்படுகிறான். அதோடு வேண்டியவளுக்குக் குளுகுளுவென்று தூங்க ஒரு இடம். அப்ரினுக்கு எரிச்சலாக வந்தது. அங்கே ஷெட்டுகளில் ஃபேன்கூடக் கிடையாது. வெடிமருந்து புழங்கும் இடத்தில் கரண்ட் கூடாது என்பதால் அத்தனை பெண்களும் புழுக்கத்திலேயே உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள். இவள் மட்டும் என்ன உசத்தி?

நேராக மாடிக்குப் போனாள்.

முதலாளி கோட்டைச்சாமிக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை.

"ஏழு மெஷின் வேலைய ஒண்ணே பாத்துருமாம்மா? ஒண்ணோட ஒண்ணு கலந்துறாதா?"

"கலக்காது சார். ஒரே வீட்டுக்குள்ள தனித்தனி ரூம் போடுற மாதிரிதான். பெரிய ஏசி ரூமே தேவையில்ல. அக்கவுண்ட்ஸ் ரூம் மூலையிலயே வச்சுக்கலாம்."

"அப்ப இத்தன நாளு?"

"நாலு மெஷின் சும்மாதான் சார் ஓடியிருக்கு. கூட்டுறவங்க அந்த ஏசியில படுத்துத் தூங்குறாங்க."

"யாரு?"

"இருளம்மான்னு சொன்னாங்க."

கோட்டைச்சாமி கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார்.

"சரிம்மா. நீ சொன்னபடியே செஞ்சிரு. அந்த ரூமையும் காலி பண்ணிருவோம்."

அடுத்த வாரமே வேலை முடிந்தது. பழைய சர்வர்கள் எடைக்குப் போயின. சர்வர் ரூமில் கிஃப்ட் பாக்ஸ் அட்டைகளை அடுக்கினார்கள். ஆபீஸ் கூட்ட வேறு ஆள் வந்தது. இருளம்மாளை பேக்கிங் ஷெட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அப்ரினுக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

கத்திரி வெயிலில் ஒருநாள், எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க மறுபடி வந்தாள். கோட்டைச்சாமி காபி வரவழைத்துக் கொடுத்தார்.

"கரண்ட் பில்லு பாதியா கொறஞ்சிருச்சும்மா. மச்சினன் கம்பெனிக்கும் ஒன்னையத்தான் சொல்லியிருக்கேன்."

சந்தோஷமாகக் கீழே இறங்கினாள். பால்பாண்டி பைக்கில் ஒரு தூக்குச்சட்டியை மாட்டிக்கொண்டிருந்தான். தாடி வளர்ந்திருந்தது.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"பெரியாஸ்பத்திரிக்கு மேடம். இருளம்மா அக்கா ஷெட்ல மயங்கி விழுந்துட்டாக. இன்னும் கண்ணு முழிக்கல. கூட இருக்குற மகளுக்குச் சோறு கொண்டு போறேன்."

"உங்க சொந்தமா?"

"சொந்தமெல்லாம் இல்ல மேடம்."

"வெயில் ஜாஸ்திதான். ஆனா அதே ஷெட்லதானே மத்தவங்களும் இருக்காங்க. இவங்களுக்கு மட்டும் ஏன்…"

பால்பாண்டி மாடி ஜன்னலை ஒருதரம் பார்த்துக்கொண்டான். குரலைத் தாழ்த்தினான்.

"வெம்பக்கோட்டப் பக்கம் நம்ம ஷெட்டு ஒண்ணு வெடிச்சுச்சு மேடம். அதுல அக்காவுக்கு முதுகு, நெஞ்சு, கையெல்லாம் வெந்துபோச்சு. மூஞ்சி மட்டுந்தான் தப்பிச்சது. 'அன்னைக்கு நான் வேலைக்கே போகல, வீட்டுல அடுப்புல வெந்தது'ன்னு அக்காவப் போலீசுல சொல்லச் சொன்னாரு மொதலாளி. அப்படிச் சொன்னதுக்குத்தான் இந்தக் கூட்டுற வேல. வாயத் தொறந்தா அதுவும் போயிரும்."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"சொல்லுவமா வேண்டாமான்னு யோசிச்சுக்கிட்டுத்தான் நின்னேன். அதுக்குள்ள நீங்க மாடி ஏறிட்டீக."

அவன் பைக்கைத் திருப்பினான். அப்ரின் வழியை மறித்தாற்போல் நின்றுகொண்டிருந்தாள்.

"அப்ப அந்த நாலு சர்வர்?"

"ஏசிய நிறுத்திறக் கூடாதுன்னுதான் மெஷின ஓட விட்டிருந்தேன் மேடம்," என்றான் பால்பாண்டி. "வெந்து ஆறுன தோலு வேர்க்காதாம், உடம்புச் சூடு எறங்காதாம். வெயில் நேரத்துல அக்கா உசுரோட இருக்க, இந்தக் கம்பெனியில அந்த ஒரு ரூம்தான் இருந்துச்சு."